நின்றவர்கள்

கிண்ணியா,
28.04.2025

மதிப்புக்குரிய பணிப்பாளர் திருமதி ஜெயரூபி சஞ்சீவன் அவர்களுக்கு,

நான் நலமில்லை. தாங்கள் நலம் என்பதை நேற்றைய ஞாயிறு பத்திரிகையில் படத்தோடு பார்த்தேன். பட்டுச் சேலை, கையில் விருது, இரண்டு பக்கமும் கோட்டுப் போட்ட ஐயாமார். 'முதலாம் வருட மாணவர்களில் தொண்ணூற்றாறு வீதத்தினரைத் தக்கவைத்த குடாக்கரை வளாகத்தின் துணைத் திட்டம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இனி ஒன்பது வளாகங்களுக்கும் இதே திட்டமாம். வாழ்த்துகள்.

ரூபி, இந்தத் 'தாங்கள்' எனக்கு இதற்கு மேல் வராது. இருபது வருடத்துக்கு மேலாக நீ என்று கூப்பிட்ட வாய்.

நேற்று நீ ஆறு தரம் அழைத்திருக்கிறாய். உன் நம்பரை நான் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் கதைத்தால் நீ இரண்டாவது நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நீ குறுக்கே விழ முடியாது. முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை சம்பூருக்குப் போனேன். மின்ஹாவும் கூட வந்தாள். நிவேதிகா என்ற பிள்ளையை உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். முதல் நாள் வரவேற்பில் நீ மேடையில் நின்று, சம்பூரில் இருந்து யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாய். தனியாக ஒரு பிள்ளை எழும்பியது. கை தட்டச் சொன்னாய், இருநூறு பேரும் தட்டினோம். அந்தப் பிள்ளைதான். உயிரியலில் ஏ எடுத்து வந்தவள். இங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். வகுப்பில் நடந்த முதல் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று. புள்ளிகளை, யாருடையது என்று எவருக்கும் தெரியும்படி சுட்டிலக்கத்தோடு சுவரில் ஒட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

கொழும்புக்குப் போன பிறகு உனக்கு மறந்திருக்கலாம், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் அதன் துணையாள், அதாவது அதற்கென்று நாங்கள் பொறுப்புக் கொடுத்த இரண்டாம் வருடப் பிள்ளை, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பெயர்களை நான் பட்டியலிட்டு உனக்கு அனுப்ப வேண்டும். நீ உடனே கடிதமும் ஒத்திவைப்புப் படிவமும் அனுப்ப வேண்டும். ஆறு கிழமைக்குள் படிவம் வந்து சேராவிட்டால் பதிவு ரத்து. விதியை எழுதியவர்கள் நானும் நீயும். இந்த முறை நான் அனுப்பிய பட்டியலில் பதினாலு பெயர், நிவேதிகாவும் அதில் ஒருத்தி.

நிவேதிகாவின் துணையாள் மின்ஹா மார்ச் தொடக்கத்தில் போனாள். "கம்பசால லெட்டரும் போமும் வரும் தங்கச்சி, நிரப்பிக் குடுத்தா உங்கட இடம் அப்படியே இருக்கும். அதுமட்டும் பாத்துக்கொண்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். நிவேதிகா பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கவில்லை, ரூபி. ஒரு கொப்பியில் பாடக் குறிப்பெல்லாம் திரும்ப எழுதி, விளங்காத ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் தமிழ் எழுதி வைத்திருக்கிறாள். எழுநூறு சொல்லுக்கு மேல் வரும். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வேலிப் படலையடிக்கு வந்துவிடுவாளாம்.

கடைசியில் கடிதம் வந்தது. பதிவு ரத்து என்று.

அவளுடைய அம்மா இராசமலர் அதை எங்களிடம் காட்டினார். "கடிதம் வருமெண்டு சொன்னீங்கள். வந்ததுதானே பிள்ளை. நாங்கள் ஆரைக் குறை சொல்லுறது?" என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிளேன்ரீ போட்டுத் தந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே பதிவாளர் சோமசேகரம் ஐயாவின் அறைக்குப் போனேன். அவர் நீ மார்ச்சில் கையெழுத்து வைத்துக் கொடுத்த அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். "மிஸ், உங்கட அறிக்கையிலதானே இருக்கு. இந்தப் பதினாலு பேரோடயும் நீங்கள் போய்க் கதைச்சு, அவை திரும்பி வந்து, பிறகும் விட்டிட்டுப் போயிருக்கினம். ஒருக்கா உதவி கிடைச்சவைக்கு மேன்முறையீடு இல்லை. அதுவும் நீங்கள் எழுதின விதிதான்."

பார்த்தேன். 'எமது தலையீட்டின் பின் நிலைத்து நின்றவர்கள்' என்று நீ ஒரு பெட்டி போட்டிருக்கிறாய். அதற்குள் என்னுடைய பதினாலு பெயர்.

என் பட்டியலின் தலைப்பு 'நின்றவர்கள்'. நின்றுபோனவர்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தால் நின்றவன், வேலையால் நின்றவள் என்று நீயும் நானும் பிறந்ததில் இருந்து சொல்கிற சொல். வராமல் நின்ற பிள்ளைகளை, வந்து நின்ற பிள்ளைகளாக்கி நீ விருது வாங்கியிருக்கிறாய்!

மே 22, வியாழக்கிழமை பீடச் சபை கூடுகிறது. பட்டியல் பிழையாக வாசிக்கப்பட்டது, பதினாலு பேருக்கும் கடிதம் போகவில்லை, அறிக்கை பிழை என்று உன் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும். மின்னஞ்சல் செல்லாது, மூலக் கையெழுத்து வேண்டும் என்கிறார் ஐயா. அறிக்கையில் கையெழுத்து வைத்தவர்தான் அதைத் திருத்தவும் வேண்டுமாம். உடனே அனுப்பு.

கோபத்தோடு,
சுஹைரா
(இணைப்பாளர். அறிக்கையில் என் பெயரையும் நீ விட்டுவிட்டாய், அது வேறு கதை.)


வெள்ளவத்தை,
கொழும்பு 06,
02.05.2025

அன்பின் சுஹை,

நலம், நலமறிய அவா என்று எழுதினால் கிழித்துப் போடுவாய். ஆகவே எழுதவில்லை.

உன் கடிதம் புதன்கிழமை அலுவலகத்துக்கு வந்தது. மூன்று தரம் வாசித்தேன். நிவேதிகாவை நினைத்து அழுதேன் என்றால் நம்பமாட்டாய். அதையும் விடுவோம். இப்போது என் முறை. நீயும் குறுக்கே விழ முடியாது.

பட்டியல் யாருடைய கையெழுத்து? உன்னுடையது. தலைப்பு யார் போட்டது? நீ. நின்றவர்கள் என்றால் நின்றுபோனவர்கள் என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். போன வருட விழாவில் 'எங்களோடு நின்றவர்கள்' என்று பெயர் வாசித்துப் பிள்ளைகளுக்குப் பேனா கொடுத்தோமே, அந்தப் பெயர்களை ஒலிவாங்கியில் வாசித்தது யார்? நீதான். அன்றைக்கு நின்றவர்கள் என்றால் விட்டுப் போகாதவர்கள். இன்றைக்கு விட்டுப் போனவர்கள். எந்த நாளில் எந்த அர்த்தம் என்று எனக்கு ஒரு அட்டவணை அனுப்பியிருக்கலாம்.

அதுமட்டுமா? பதினாலு பெயருக்கும் எதிரே சிவப்புப் பேனாவால் சரி அடையாளம் போட்டிருந்தாய். வீட்டுக்குப் போய்ப் பார்த்ததற்கு அந்தச் சரி என்று இப்போது சொல்வாய். எனக்கு எப்படித் தெரியும்? பஞ்சாங்கக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி, அதைப் படமெடுத்து போனில் அனுப்புகிறவள் நீ. நான் இரண்டு மாதம் இருந்து ஒரு இணையப் படிவம் செய்து தந்தேன். அதில் 'இடைவிலகியோர்' என்று தனியாகக் கட்டம் இருக்கிறது. ஒரு நாளாவது நிரப்பினாயா? "பிள்ளைகளைக் கட்டத்துக்குள்ள அடைக்க எனக்கு ஏலாது" என்று வசனம் பேசினாய். எல்லோரும் உனக்குத்தான் கை தட்டினார்கள். கட்டம் போட்டவள் கல்நெஞ்சுக்காரி ஆனாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே தமிழில் ஒரு அறிக்கை எழுதினால் வாசிக்க ஆளில்லை. கிழக்கில் இருந்து ஒருத்தி வந்து கதைத்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எண்ணைச் சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தத் தொண்ணூற்றாறைச் சொன்ன பிறகுதான் ஒன்பது வளாகங்களுக்கும் இதைக் கொண்டுபோகச் சம்மதித்தார்கள். ஜூலை முதலாம் திகதி தொடங்குகிறோம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள், சுஹை. சம்பூர் பிள்ளை மாதிரி மலைநாட்டில் இருந்து, மன்னாரில் இருந்து, பதினொரு புள்ளி எடுத்துவிட்டு பஸ் ஏறும் பிள்ளைகள். உன்னால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஐம்பது? நூறு?

இப்போது அந்த எண் பிழை என்று நான் எழுதினால் திட்டம் அந்தக் கிழமையே நின்றுவிடும். இதை எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் சரி. பதினாலு பேருக்காக ஒன்பது வளாகங்களை விடச் சொல்கிறாயா?

எல்லோருக்கும் ஏற்ற மாதிரி சபைக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் இடம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் தப்பும். வாசித்துவிட்டு ஐயாவிடம் கொடு. போனில் தடையை எடு.

உன் மேல் கோபமில்லை என்று பொய் சொல்லத் தெரியாத,
ரூபி


கிண்ணியா,
07.05.2025

ரூபிக்கு,

நீ சபைக்கு எழுதிய கடிதத்தை நான் ஐயாவிடம் கொடுக்கவில்லை. கிழித்தேன். துண்டுகளை இந்த உறைக்குள் போட்டிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள். நீ எண்ணுவதில் கெட்டிக்காரி.

'தகவல் சேகரித்த மாணவத் துணையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட எழுத்துப் பிழை.' இதை எழுத உனக்குக் கை வந்ததா? அந்த மாணவத் துணையாள் யார் என்று உனக்குத் தெரியும்தானே? மின்ஹா. மூதூர்ப் பிள்ளை. போன வருடம் அவள் பெயரையும் விழாவில் வாசித்தோம், பேனா கொடுத்தோம். பெப்ரவரியில் ஒரு தரம் சம்பூருக்குப் போய், வீட்டில் ஆளில்லாமல் திரும்பி, நோன்பின் முதல் நாள் மறுபடி போனாள். தண்ணிகூடக் குடிக்காமல் அந்த வெயிலில் சந்தியில் இருந்து நடந்து போனாள். அவள் ஒரு எழுத்தும் எழுதவில்லை. என்னிடம் வந்து வாயால் சொன்னாள். எழுதியது நான். நீ அவளை ஒரே வரியில் முடித்துவிட்டாய். இருபத்தொரு வயதுப் பிள்ளையின் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஏறினால் அது எங்கே போய் முடியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா?

எனக்கு வெட்கமாக இருக்கிறது, ரூபி. உன் மேல் கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் வெட்கம் என்று வருகிறது.

என் பிழையை நான் மறைக்கவில்லை. தலைப்பைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சிவப்புச் சரி போட்டிருக்கக் கூடாது. படத்தை அனுப்பிவிட்டு, கடிதங்கள் போனதா என்று உன்னிடம் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை தெரியுமா? பட்டியல் கிடைத்ததும் நீ மூன்று கைதட்டல் படம் அனுப்பினாய். பதினாலு வீட்டுக்கும் போய் வந்துவிட்டோம் என்பதற்காகத் தட்டுகிறாய் என்று நினைத்தேன். மின்ஹாவிடமும் காட்டினேன், பிள்ளைக்கு வாயெல்லாம் பல். பதினாலு பிள்ளைகள் படிப்பை விட்டதற்கு இரண்டு பக்கமும் கை தட்டியிருக்கிறோம்.

உன் இணையப் படிவத்தை நான் நிரப்பவில்லை, ஓம். இனி நிரப்புகிறேன். அதில் உனக்கு வெற்றி, எடுத்துக்கொள்.

ஆனால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும் என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். 2005 ஜனவரி. கடல் வாப்பாவைக் கொண்டுபோய் மூன்று கிழமை. நான் மட்டக்களப்புக்குப் படிக்கத் திரும்பிப் போகமாட்டேன் என்று பள்ளிக்கூட முகாமில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போது எங்களுக்குப் பாலம் இல்லை. அன்புவழிபுரத்தில் இருந்து ஒரு பெட்டை தனியாகப் படகில் கடந்து வந்தாள். ஒரே வகுப்பு என்பதைத் தவிர எனக்கும் அவளுக்கும் பெரிய பழக்கமும் இல்லை. வந்தவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நீ வராட்டி நானும் போகமாட்டன்" என்று சொல்லி என் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள்! கடைசியில் உம்மா வந்து, "முகாமில ஆளுக்கு ஒரு பார்சல்தான் தாறாங்க, இந்தப் புள்ளக்கு என்ட சோத்தைக் குடுத்துக் குடுத்து எனக்குக் கண் இருட்டுது, ரெண்டு பேரும் எழும்பிப் போங்க" என்று எங்களைத் துரத்தினார். அந்தச் சோற்றில்தான் எங்கள் துணைத் திட்டம் தொடங்கியது. ஆள் போக வேண்டும் என்பதுதான் முதல் விதி. படிவம் பிறகு வந்தது.

ஒன்பது வளாகங்களுக்கும் நீ எதைக் கொண்டுபோகப் போகிறாய்? ஆள் போவதையா? அல்லது பெட்டி போட்டு எண் காட்டுவதையா? பின்னதென்றால் அந்த ஆயிரம் பிள்ளைகளும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு படலையடியில் நிற்கட்டும்.

நான் இந்தக் கடிதத்தை விருது வாங்கிய பணிப்பாளருக்கு எழுதவில்லை. படகில் வந்த பெட்டைக்கு எழுதுகிறேன். அவளுடைய விலாசம் உனக்குத் தெரிந்தால் அனுப்பிவிடு.

இப்படிக்கு,
சுஹைரா


குடாக்கரை வளாகம்,
15.05.2025

ரூபி,

பதில் இல்லை. வெசாக் விடுமுறை, தபால் ஓடவில்லை என்று இரண்டு நாள் உனக்காக நானே சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். இன்றும் ஒன்றும் வரவில்லை.

இன்னும் ஏழு நாள். பதினாலு பேரின் கதையையும் கேள். இரண்டு பேர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை கட்டாருக்குப் போய்விட்டது. சாம்பல்தீவுப் பிள்ளை ஒன்று எங்களைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். நேற்று நிவேதிகா தாயோடு இங்கே வந்தாள். என்னுடைய அறைக்கு வரவில்லை. நூலகத்துக்குப் போய், எடுத்துப் போயிருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பதிவு ரத்தான ஆள் புத்தகம் வைத்திருக்கக் கூடாதாம். நூலகத்தில் இருக்கும் சோபனா மிஸ் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். வாசலுக்கு ஓடினேன், பஸ் போய்விட்டது.

பிழை என்னுடையது என்று நானே ஒரு கடிதம் எழுதி ஐயாவிடம் கொடுத்தேன். மனிதர் வாசித்துவிட்டு, "மிஸ், உங்கட மனசு விளங்குது. ஆனா அறிக்கையில உங்கட கையெழுத்து இல்லையே" என்று திருப்பித் தந்தார். நீ என் பெயரை விட்டது எவ்வளவு வசதியாகப் போயிற்று பார்.

இதை எழுதும்போது யன்னலுக்கு வெளியே, வளாகத்துக்குள் திரியும் மான் ஒன்று அறிவித்தல் பலகையில் இருந்த நேர அட்டவணையைக் கடித்து இழுத்துத் தின்றுகொண்டு நிற்கிறது. அது நிற்கிறது என்றால் நிற்கிறது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் அந்தச் சொல்லில் இவ்வளவு சிக்கல்.

நீ எழுதாவிட்டால் நான் மறுபடி எழுதமாட்டேன். எதற்கும் எழுதமாட்டேன்.

சுஹைரா


வெள்ளவத்தை,
18.05.2025

சுஹை,

தபாலை நம்பாமல், உங்கள் வளாகத்து முனாஸ் சேரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார். உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அது பீடச் சபைக்கு. ஒட்டவில்லை, முதலில் நீ வாசி. மின்ஹாவின் பெயரும் இல்லை, துணையாள் என்ற சொல்லும் இல்லை.

அந்தக் கடிதத்தில் இருப்பதை உனக்குத் தனியாகவும் சொல்ல வேண்டும். சபையில் யாரோ வாசித்து நீ கேட்கக் கூடாது.

மார்ச் மூன்றாம் திகதி உன் பட்டியலின் படம் வந்தது. கை தட்டிவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். நிவேதிகாவின் பெயருக்கு வந்ததும் கை நின்றது. சம்பூர்ப் பிள்ளை என்று ஞாபகம் இருந்தது. வராமல் இருந்த பதினாலு பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே கிழமையில் திரும்பி வருவார்களா? இத்தனை வருடத்தில் ஒரு தரமும் அப்படி நடந்ததில்லை. நின்றவர்கள் என்பதை மற்றப் பக்கமாக எழுதியிருக்கிறாளோ என்று தோன்றியது. போனை எடுத்து உன் பெயரைத் தட்டினேன். மணி அடிக்க முன்னம் வைத்துவிட்டேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். அடுத்த நாள் அறிக்கை கொடுக்க வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

நான் பிழையாக வாசிக்கவில்லை, சுஹை. கேட்காமல் விட்டேன். உன் தலைப்பு, உன் சிவப்புச் சரி என்று பக்கம் பக்கமாக உனக்கு எழுதினேனே, எழுதும்போதும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் மின்ஹாவின் தலையிலும் வைக்கப் பார்த்தேன். நீ அனுப்பிய துண்டுகளில் 'கவனக்குறைவு' என்ற சொல் மட்டும் கிழியாமல் முழுதாக வந்தது. பத்து நாளாக அது என் மேசையில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை இங்கே சொல்லிவிட்டேன். ஜூலைத் தொடக்கம் இல்லை. விருதையும் திருப்பிக் கேட்பார்கள் போல இருந்தது. கேட்க முன்னம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அடுத்து எனக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாது.

எனக்கும் உன் மேல் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ எப்போதும் சரியான பக்கத்தில் நிற்கிறவள். வெயிலில் போவதும் நீ, பிளேன்ரீ குடிக்க முடியாமல் இருப்பதும் நீ. குளிர் அறைக்குள் உட்கார்ந்து கெஞ்சுகிற வேலையை நான் செய்தேன். யாராவது ஒருத்தி செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு நீ ஒரு நாளும் மரியாதை தரவில்லை. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. உண்மை என்பதற்காகச் சொல்கிறேன்.

படகில் வந்த பெட்டையின் விலாசம் கேட்டாய். அவளைக் காணவில்லை என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரூபி


குடாக்கரை வளாகம்,
03.06.2025

அன்பின் ரூபிக்கு,

பழக்கத்தில் 'அன்பின்' என்று வந்துவிட்டது. வெட்டவில்லை.

சபையில் உன் கடிதத்தைச் சோமசேகரம் ஐயாவே வாசித்தார். 'மணி அடிக்க முன்னம் வைத்துவிட்டேன்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அதே வரியை வாசித்தார். பதினாலு பேருக்கும் மேன்முறையீடு உண்டு என்று முடிவாயிற்று. பதினொரு பேர் திரும்பிவிட்டார்கள். கட்டாருக்குப் போன பிள்ளையையும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போன ஒரு பிள்ளையையும் திருப்ப முடியவில்லை. சாம்பல்தீவில் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. மூன்று தரம் போய்விட்டேன், நாளைக்கும் போவேன்.

மின்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ முதலில் எழுதிய கடிதம் உட்பட. பிறகு, "ரூபி மிஸ் எனக்குப் பேனா தந்தவ" என்றாள். அவ்வளவுதான். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. உன்னை அது சுட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சுவரில் புள்ளி ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். உன் இணையப் படிவத்தை நிரப்புகிறேன். மூன்று இடத்தில் பிழை விடுகிறது, நீதான் திருத்த வேண்டும். புதிய பட்டியலுக்கு மின்ஹா தலைப்புப் போட்டிருக்கிறாள்: 'வகுப்புக்கு வருகிறார்', 'வகுப்புக்கு வரவில்லை'. நின்றவர்கள் என்ற சொல் எங்கள் திட்டத்தில் இனி இல்லை. விழாவிலும் இல்லை.

நீ குளிர் அறையில் கெஞ்சியதற்கு நான் மரியாதை தரவில்லை என்று எழுதினாய். சரிதான். தரவில்லை. அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அந்தப் போனை நீ வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை, ரூபி. வேறு எதையும் மன்னிப்பேன். மார்ச் மூன்றாம் திகதி நான் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். உன் கைதட்டலைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி அடித்திருந்தால் எடுத்திருப்பேன். "எடியே, நிண்டதெண்டா என்ன நிண்டது?" என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை ஆறு கிழமை படலையடிக்கு வந்திருக்கத் தேவையில்லை. இரவில் நினைவு வந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுகிறேன், அவ்வளவு கோபம் வருகிறது.

நேற்று நிவேதிகா வந்தாள். கொப்பியோடு முன்வரிசையில் இருந்தாள். இடைவேளையில் நூலகத்துக்குப் போய், திருப்பிக் கொடுத்த அதே புத்தகத்தை மறுபடி எடுத்திருக்கிறாள். எந்த அகராதியைப் பார்த்தும் பிழையாக விளங்க முடியாதபடி எழுதுகிறேன்: அந்தப் பிள்ளை இங்கே இருக்கிறாள், படிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. சபைக் கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, அந்தப் பழைய கலண்டர் தாளை எடுத்தேன். பதினாலு பெயரையும் வெட்டினேன். தலைப்பை மட்டும் வெட்டவில்லை. அதற்குக் கீழே இரண்டு பெயர் எழுதினேன். ஜெயரூபி. சுஹைரா. நின்றவர்கள்.

எந்த அர்த்தத்தில் என்று எழுதமாட்டேன். உன் நம்பரின் தடையை இன்று பின்னேரம் எடுத்துவிட்டேன். இந்த முறை வைத்துவிடாமல் மணி அடிக்க விட்டு, என்னிடம் கேள்.

சுஹை